வேலூர் வெயிலுக்கு எது சரி: கிரீமா, குடையா, துணியா, நேரமா?

பங்குனி முடிந்து சித்திரை நெருங்கினால் போதும், வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்தில் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "சன்ஸ்கிரீன் வாங்கியே ஆகணுமா, குடை போதாதா?" "துப்பட்டா சுற்றிக்கிட்டுத்தான் வண்டி ஓட்டறேன், அப்புறமும் ஏன் மங்கு வருது?" "30 வாங்கறதா, 50 வாங்கறதா?" கூடவே இன்னொன்றும் வரும்: "நமக்கெல்லாம் கறுப்புத் தோல்தானே, இதெல்லாம் எதுக்கு?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தீராமல் மற்றதற்கு யாரும் பத்து ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டார்கள். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி நிஜமாகவே ஒரு காவல்தான். வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் மிகவும் குறைவு. ஆனால் அந்தக் காவல் முழுக் காவல் இல்லை. அவர்களுக்கு வெயிலின் சேதம் சுருக்கமாகவும் புற்றாகவும் தெரிகிறது என்றால், நமக்கு முதலில் நிறத்தில் தெரியும். கன்னத்தில் மங்கு, நெற்றியில் திட்டு, ஆறிய பருவின் வடு மாதக்கணக்கில் கறுத்தே கிடப்பது, கழுத்திலும் முன்கையிலும் அரிப்போடு பொரிப்பொரியாகக் கிளம்பும் வெயில் அலர்ஜி. சுருக்கமும் வரும், சில ஆண்டுகள் தள்ளி வரும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்போவது நிறத்தை வெளுப்பாக்கும் வழி இல்லை. கறுப்பாக இருப்பது நோய் இல்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை. ஆரோக்கியமான தோல், அது எந்த நிறத்தில் இருந்தாலும், சேதமாகாமல் இருப்பதுதான் நம் கவலை.

## எதை வைத்து எடை போடுவது?

சூடும் சேதமும் ஒன்றில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதித் தீர்மானம் முடிந்த மாதிரி. நம்மை வாட்டுவது அனல். தோலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். வேலூருக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்பது கத்திரி வெயில் நாட்களில் இல்லை. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு முறையும் அது நடக்கிறது. அதாவது ஆவணி பிறக்கும் நேரத்தில், "வெயில் தணிந்துவிட்டது" என்று நாம் நினைக்கும்போதும், மதியக் கதிர் கிட்டத்தட்ட அதே வீச்சில் இறங்குகிறது. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

வெயில் எவ்வளவு கடுமை என்று பார்க்க போனில் ஆப் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் பாதுகாப்பு வேண்டும். சித்திரை வைகாசியில் நம் பக்கம் இது காலை 9 மணியைத் தாண்டியதும் தொடங்கி மதியம் 3 மணிக்கு மேல்தான் முடியும். மார்கழி, தை மாதங்களில்கூட உச்சி வேளையில் நிழல் ஆளைவிடக் குட்டைதான், நேரம் மட்டும் சுருங்கும். ஏலகிரிக்குப் போனால் காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் கதிர் அங்கே கூடுதல். குளிர்ச்சியை நம்பி மதியம் முழுக்கப் படகுத்துறையில் உட்கார்ந்துவிட்டு இரவில் முகம் எரிகிறது என்பவர்கள் உண்டு.

அந்தக் கதிரிலும் இரண்டு வகை நமக்கு முக்கியம். யு.வி.பி. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும், கண்ணாடியைத் தாண்டாது. யு.வி.ஏ. ஆழமாக இறங்கிச் சுருக்கத்தையும் கறுப்பையும் தரும், சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். ஆக, எதை எடுத்தாலும் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்:

- இரண்டு வகைக் கதிரையும் தடுக்குமா?
- மேலிருந்து நேராக வருவதை மட்டும் தடுக்குமா, வானத்திலும் தரையிலும் பட்டுச் சிதறி வருவதையும் தடுக்குமா?
- நம் ஊர் வியர்வைக்குத் தாங்குமா?
- மாதத்துக்கு என்ன செலவு?
- சோம்பல் வந்த நாளிலும் செய்ய முடியுமா?

ஐந்தாவதுக்குத்தான் நான் அதிக மார்க் தருவேன். தோலின் சேதம் ஒரு நாள் சுற்றுலாவில் வருவதில்லை. தினமும் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று சேர்ந்து வருவது.

## துணி

என் முதல் ஓட்டு துணிக்குத்தான். கிரீமைப் போல வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டாம், இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும். நெமிலி, கே.வி.குப்பம் பக்கம் வயலில் வேலை செய்யும் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக் காதையும் பிடரியையும் மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் மருத்துவர் சொல்லக்கூடிய யோசனைகளில் முக்கால்வாசி அந்த உடுப்பிலேயே இருக்கிறது. கையில் காசும் செலவாகவில்லை.

ஆனால் எல்லாத் துணியும் ஒன்றில்லை. கிரீம் எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். எண் போல (அந்த 30, 50 இதுதான்) துணிக்கு யு.பி.எஃப். என்று ஓர் அளவு உண்டு. யு.பி.எஃப். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே போகும். வழக்கமான மெல்லிய வெள்ளைக் காட்டன் பனியனுக்கு இது பத்தைக்கூடத் தொடாது. நனைந்துவிட்டால் இன்னும் குறையும். ஜீன்ஸ் துணிக்கோ நூறைத் தாண்டிப் போகும். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. அடர்ந்த நிறம், வெளிர் நிறத்தைவிட நல்லது. பழசாகி நைந்த துணி வேலைக்கு ஆகாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டி ஓட்டும்போது நீங்கள் சுற்றும் துப்பட்டாவை எரியும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குழாயின் ஓரம் கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி தூசிக்கு ஆகும், வெயிலுக்கு ஆகாது. இரண்டாக மடித்துப் பிடித்தால் வெளிச்சம் மங்கலாக மட்டும் தெரிகிறதா? அப்படியென்றால் இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். சுற்றியும் மங்கு வருகிறது என்பவர்களுக்கு இதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி, துப்பட்டா மூடாமல் விடும் இடம். கண்ணுக்குக் கீழே கன்ன மேடு, நெற்றி, மூக்கின் மேல்பகுதி, மங்கு பெரும்பாலும் வந்து உட்காருவதும் இங்கேதான். மங்குக்கு வெயில் மட்டுமே காரணமில்லை என்பதும் உண்மை. கர்ப்பகாலம், கருத்தடை மாத்திரை, குடும்பவாகு எல்லாம் சேரும். ஆனால் வெயில் பட்டால் எந்த மங்கும் அடர்ந்துவிடும்.

கையை மறந்துவிடுகிறோம். தினமும் காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஸ்கூட்டரில் வருகிற ஒருவரின் கையைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் ஒரு நிறம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் புறங்கை இன்னொரு நிறம், வாட்ச் கட்டிய இடத்தில் ஒரு வெளிர் வளையம். சாலையோரத்தில் தொங்கவிட்டு விற்கும் கையுறையும் கைமூடியும் இந்த இடத்துக்குக் கிரீமைவிட நம்பகமானவை, ஏனென்றால் கை கழுவினால் கிரீம் போய்விடும்.

ஹெல்மெட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல பாலிகார்பனேட் வைசர் நிறமில்லாமல் இருந்தாலும் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டினால் அந்த லாபம் போச்சு.

துணியின் மறைமுகச் செலவு வேர்க்குருவும் புழுக்கமும். செயற்கை இழைத் துணி கதிரை நன்றாகத் தடுக்கும், ஆனால் நம் மே மாதத்தில் உடம்போடு ஒட்டினால் தாங்காது. தொளதொளப்பான, நெருக்கமாக நெய்த காட்டன்தான் நடுவழி. முகத்தில் சுற்றுவதைத் தினமும் துவைக்க வேண்டும், இல்லையென்றால் வியர்வையும் எண்ணெயும் படிந்து பரு கிளம்பும். ஆகவே ஒரு துப்பட்டா போதாது, மூன்று துப்பட்டாவாவது வேண்டும்.

## சன்ஸ்கிரீன்

அதிகக் குழப்பமும் அதிகச் செலவும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எஸ்.பி.எஃப். என்பது பெரும்பாலும் யு.வி.பி.க்கான அளவு. 15 என்றால் அதில் 93 சதவீதம், 30 என்றால் 97, 50 என்றால் 98 சதவீதம் தடுபடும். 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்தான். அதற்காக இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. நம்மைக் கறுக்க வைக்கும் யு.வி.ஏ.க்கு டியூபில் வேறு குறி இருக்கும். பி.ஏ. என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருக்கும், மூன்று குறிக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு இதைப் பற்றிப் பேசாத டியூபை வைத்துவிட்டு வரலாம்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு நிபந்தனையோடு வருகின்றன. ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். நடைமுறையில் பலர் தடவுவது அதில் பாதிக்கும் கீழே. அப்படியானால் 50 வாங்கியவருக்கு 50 கிடைக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் முன்கழுத்துக்குமான அளவு அது. தோராயமாக ஒன்றேகால் கிராம். 50 கிராம் டியூபில் நாற்பது வேளை வரும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்றால் இருபது நாளில் டியூப் காலி. டியூப் ரூ.400 என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு ரூ.20, மாதத்துக்கு ரூ.600. இது முகத்துக்கு மட்டும். வீட்டில் மூன்று பேர் என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு டியூப் ஆறு மாதம் வந்தது என்றால் சிக்கனம் நன்றாக நடந்திருக்கிறது, பாதுகாப்பு நடக்கவில்லை.

வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவ வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் தடவ வேண்டும். வியர்வை தாங்கும் என்று போட்டிருப்பதும் 40 அல்லது 80 நிமிடக் கணக்குதான். நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் இறங்கினால் எரியும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு அடர்த்தியாக உள்ளவை மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூசினது போல் தெரியும். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வகை ஒத்துவரும். மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறச் சாயம் கலந்த வகை நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும், அந்த ஒளியும் மங்கைக் கறுக்க வைக்கும்.

இன்னொரு மறைமுக நஷ்டம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் நடக்கிறது. மதியம் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் டியூபைப் போட்டு வைத்தால் கிரீம் பிரிந்து, தண்ணீர் தனியாக வரும். அதற்குப் பிறகு அதை நம்ப முடியாது. கைப்பையில் வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கிரீமைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992-ல் தொடங்கி நாலரை ஆண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அடெல் கிரீன் தலைமையிலான குழு 2013-ல் வெளியிட்ட முடிவின்படி, தினமும் தடவியவர்களின் தோலில் வயோதிக அடையாளம், தோன்றியபோது மட்டும் தடவியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. அவர்கள் பெரும்பாலும் வெளுத்த தோல்காரர்கள், எண் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் "தினமும்" என்ற சொல் பொருந்தும். துணியால் மூட முடியாத முகத்துக்குக் கிரீமை விட்டால் வேறு வழி குறைவு.

## குடை

நடப்பவர்களுக்குக் குடைதான் ராஜா. ஒரு முறை வாங்கினால் இரண்டு மூன்று வெயில் காலம் ஓடும், தலைச்சூட்டையும் குறைக்கும், மயக்கம் வராமல் காக்கும். நெருக்கமான கறுப்புத் துணி அல்லது உள்பக்கம் பூச்சுள்ள குடை, நேராக வரும் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பூப்போட்ட மெல்லிய குடை அழகுக்கு மட்டும்.

அதன் பலவீனம் பக்கவாட்டில். புற ஊதாக் கதிர் வானம் முழுக்கச் சிதறி வருவது. 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், டெக்ஸஸில் ஒரு ஏரிக்கரையில் பெரிய கடற்கரைக் குடையின் கீழ் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தோல் வெந்தது. எஸ்.பி.எஃப். 100 தடவிக் குடையில்லாமல் இருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு. குடை மோசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தனியாக எதுவுமே போதாது என்பது இரண்டு எண்ணிலும் தெரிகிறது. வறண்ட பாலாற்று மணலில் நடந்தால் கீழிருந்தும் கதிர் திரும்பி வரும், மணல் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்.

இரண்டு கையிலும் பை என்றால் குடை இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், காற்று இழுத்தால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

## நேரமும் நிழலும்

செலவே இல்லாத வழி, ஆனால் எல்லோருக்கும் கையில் இல்லாத வழி. நேதாஜி மார்க்கெட் வேலையைக் காலை எட்டரைக்குள் முடிக்க முடிந்தவர் முடித்துக்கொள்ளலாம். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நூறு நாள் வேலையிலும் இருப்பவர் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. அவரிடம் "மதியம் வெளியே போகாதீங்க" என்பது யோசனை இல்லை.

மரநிழல் நல்லது, ஆனால் முழுத் தடுப்பு இல்லை. வானம் அதிகம் தெரியாத நிழல்தான் ஆழமான நிழல். அடர்ந்த புளியமரத்தடிக்கும் ஒற்றைத் தகரக் கூரைப் பஸ் நிறுத்தத்துக்கும் வித்தியாசம் அதுதான். பஸ்ஸில் இடம் தேர்வு செய்ய முடிந்தால், புரட்டாசியிலிருந்து பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சென்னை பக்கம் போகும்போது இடது பக்கமும், அங்கிருந்து திரும்பும்போது வலது பக்கமும் உட்கார்ந்தால் நிழல் உங்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | துணி | சன்ஸ்கிரீன் | குடை | நேரம், நிழல் |
|---|---|---|---|---|
| இரண்டு வகைக் கதிரும் | நெருக்கமான நெசவானால் தடுக்கும் | பி.ஏ. குறி இருந்தால் தடுக்கும் | தடுக்கும் | குறைக்கும் |
| சிதறி வரும் கதிர் | மூடிய இடத்தில் நிற்கும் | நிற்கும் | தப்பி வரும் | பாதி தப்பி வரும் |
| வியர்வை | புழுக்கம் உண்டு | கரையும் | கவலை இல்லை | கவலை இல்லை |
| செலவு | ஒரு முறை | மாதாமாதம் | ஒரு முறை | இல்லை, நேரம் நம் கையில் இருந்தால் |
| தினமும் செய்வது | எளிது | ஒழுங்கு வேண்டும் | நடப்பவர்க்கு எளிது | வேலையைப் பொறுத்தது |

## யார் எதை எடுப்பது?

இரு சக்கர வண்டியில் போகிறவர்: வைசர் இறக்கிய ஹெல்மெட், கையுறை, முழுக்கை. மூடாத முகத்துக்கு மட்டும் கிரீம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் கிரீமை விட்டுவிட்டு முதலில் மற்றதை வாங்குங்கள்.

நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்: குடை, அதோடு முகத்துக்குக் கிரீம். ஆம்பூர் பக்கம் கம்பெனிப் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்பவர்களுக்கும் இதுதான்.

வயல், சூளை, கட்டட வேலை: துணி, துணி, துணிதான். தூசியும் வியர்வையும் சேரும் இடத்தில் கிரீம் நிற்காது. அகல விளிம்புள்ள தொப்பி கிடைத்தால் துண்டுக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். வேலை கொடுப்பவர்கள் ஒரு நிழற்கூடமும் மதிய இடைவேளையும் தந்தால் எந்த டியூபையும்விடப் பெரிய உதவி.

மங்கு உள்ளவர், வெண்புள்ளி உள்ளவர்: இவர்களுக்குக் கிரீம் ஆடம்பரம் இல்லை, மருத்துவத்தின் பகுதி. வெண்புள்ளி உள்ள இடத்தில் மெலனின் இல்லாததால் சீக்கிரம் வெந்துவிடும். வீட்டில் ஒருவருக்குத்தான் டியூப் வாங்க முடியும் என்றால் இவருக்கு வாங்குங்கள்.

குழந்தைகள்: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், நிழலும் துணியும் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொப்பி. விளையாட்டுப் பயிற்சியைக் காலையிலோ நாலரைக்கு மேலோ வைக்கச் சொல்லிப் பெற்றோர் பள்ளியில் பேசலாம்.

## எந்தப் பட்டியலிலும் சேராதவை

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் கொப்புளமும் கருந்திட்டும் வரும். தயிர், கடலைமாவு தோலைக் குளிர்விக்கும், கதிரைத் தடுக்காது. தேங்காய் எண்ணெயும் அப்படியே.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் "முகம் பளிச்சுன்னு ஆகும்" என்று கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புதான் எனக்குப் பெரிய பயம். முதல் சில வாரம் பளிச்சென்று தெரியும். அப்புறம் தோல் மெலிந்து, வெயிலில் நின்றாலே எரிந்து சிவக்கும், பருவும் மயிரும் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாவது போல் இருக்கும், அதனால் மறுபடியும் தடவுவார்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போவது நல்லது.

"அப்போ வைட்டமின் டி?" என்று கேட்பீர்கள். அதைத் தோலில் உருவாக்குவது யு.வி.பி. காலை ஏழு மணி இளவெயிலில் அது மிகவும் குறைவு. குறைபாடு இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் மருத்துவர் சொல்லும் மாத்திரைதான் நேர் வழி. அதற்காக முகத்தைக் காய வைக்க வேண்டாம்.

சில நிலைமைகளில் இந்த ஒப்பீடே உதவாது, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஆறாத புண், ரத்தம் கசியும் மச்சம், உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ புதிதாக வளரும் கறுப்பு, வெயில் பட்டதும் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் சிவப்போடு மூட்டுவலி. டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கும் வெயில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சுடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும் சி.எம்.சி. ஆனாலும் தோல் பிரிவுக்குப் போகும்போது, சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் முகத்தில் தடவும் களிம்பு டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.